நாற்பத்தேழு பேரில் ஒருத்தி இல்லை

நாற்பத்தேழு பேர் பார்த்துவிட்டார்கள். பாண்டிச்செல்வி மட்டும் பார்க்கவில்லை.

அருள்பாண்டி பட்டியலை மறுபடியும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். காலையில் டைல்ஸ் கடைக்கு வரும் வழியில் காளவாசல் சிக்னலைப் படம் பிடித்து, ‘இன்றும் நெரிசல்’ என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். பழைய வீட்டு ஓனர் பார்த்திருக்கிறார். தண்ணீர் கேன் போடுகிறவர் பார்த்திருக்கிறார். கட்டிய மனைவி பார்க்கவில்லை. வழக்கமாக முதல் பெயரே அவளுடையதுதான். நேற்றைய ஸ்டேட்டஸையும் அவள் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

‘கோபமா?’ என்று அவளுக்கு மெசேஜ் போட்டான். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

காலையில் அவள் இட்லி எடுத்து வைத்தபோது முகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வேறு யாரோ சாப்பிட்ட இட்லிக்கு அவன் லைக் போட்டுக்கொண்டிருந்தான்.

கூட வேலை பார்க்கும் ராம்கி எட்டிப் பார்த்தான்.

“ஒத்த டிக்கா? பிளாக் பண்ணிட்டாங்க மாப்ள. எனக்கு மூணு வாட்டி நடந்திருக்கு.”

“போன் அடிச்சுக் கேக்கவா?”

“கோவமா இருக்கவங்களுக்குப் போன் அடிச்சா இன்னும் ஏறும். பேசாம கல்யாண போட்டோவ ஸ்டேட்டஸ் வையி. அவங்க பாக்காட்டியும் அவங்க சனத்துல யாராச்சும் காட்டுவாங்க.”

செல்வி இல்லாமல் அருள்பாண்டிக்கு ஒரு நாளும் ஓடாது. அதை அவளிடம் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கக் கூடாது. கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து, ‘நான் செய்த தப்பு என்ன செல்வி?’ என்று எழுதி வைத்தான்.

அரை மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இருபது பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். தண்ணீர் கேன்காரர், ‘விட்டுக்கொடுத்துப் போங்க சார்’ என்று எழுதியிருந்தார்.

பதறிப்போய் அழித்தான்.

“ஏன் மாப்ள அழிச்ச? இப்ப பெருசா என்னமோ நடந்துருச்சுன்னுல நெனப்பாங்க!” என்றான் ராம்கி.

அதுவும் சரிதான் என்று பட்டது. ‘நாங்கள் நலமாக இருக்கிறோம். யாரும் கவலைப்பட வேண்டாம்’ என்று புதிதாக ஒன்று வைத்தான். அதுவரை கவலைப்படாமல் இருந்தவர்களும் அதைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

மேலூரிலிருந்து மாமியார் ரெங்கம்மாள் கூப்பிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை கட் செய்தான். மூன்றாம் முறை எடுத்தபோது பேசியவர் செல்வியின் தாய்மாமன் சின்னான்.

“மாப்ள, நீங்க எதுவும் பேச வேணாம். புள்ள போனு சுவிட்ச் ஆஃப்னு வருது. நீங்க கட் பண்றீங்க. வேன் புடிச்சு ஏறிட்டோம். ஒம்பது பேரு வாரோம். நேர்ல பேசிக்கிருவோம்.”

அருள்பாண்டி முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். பாதிப் பொய்தான்.

செல்வி தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இந்நேரத்துல?”

போன் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தால் கோபம் தெரிந்துவிடும் என்று பார்த்தான். வேறு ஒன்று தெரிந்தது.

“நீ எப்ப கண்ணாடி போட்ட?”

“ஆடி மாசம்.”

இப்போது தை பிறந்துவிட்டது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“நல்லாருக்கு செல்வி.”

செல்வி மெஷினை நிறுத்தினாள்.

“என் மேல என்ன கோவம்? எதுக்கு என்னைய பிளாக் பண்ண?” என்று கேட்டான்.

“பிளாக் பண்ணக் கையில போன் வேணாமா? நாலு நாளைக்கு முன்னாடி, ‘போன முபீன் செல்போன் கடையில குடுத்துட்டு வாரேன்’னு சொன்னேன்ல? நீங்கதான் ‘ம்’னீங்க.”

அருள்பாண்டி சிரித்தேவிட்டான். அவளும் சிரித்தாள். இந்த வீட்டில் ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தண்ணீர் கேன்காரர் கட்டத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்குள் வேன் வந்தது. ஒன்பது பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சின்னான் தொண்டையைச் செருமினார்.

“மொதல்ல பொண்ணு பேசட்டும்.”

“பேசுறதுக்கு ஒண்ணுமில்ல மாமா. போன் கடையில கெடக்கு. அத வச்சுக்கிட்டு இவரு ஊரக் கூட்டிட்டாரு.”

“அம்புட்டுதானா?” என்றார் ரெங்கம்மாள் ஆசுவாசமாக.

“அம்புட்டுதானா?” என்றார் சின்னான் ஏமாற்றமாக. பஞ்சாயத்துப் பேச அவர் மேலூரிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? செல்வி உலை வைத்தாள். அருள்பாண்டி இரண்டு கிலோ வெங்காயம் உரித்தான். இலை போட்டான், பரிமாறினான், மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றி முழுதாகக் கேட்டான். சாயங்காலம் வேன் கிளம்பிய பிறகுதான் தன் போன் இன்னும் பையிலேயே கிடப்பது அவனுக்கு நினைவு வந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

“ஓம் போன வாங்கிட்டு வந்துர்றேன்,” என்று கிளம்பினான். “போயிட்டு வாங்க,” என்றாள் செல்வி. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் சிரித்துக்கொண்டாள்.

காளவாசலில் முபீன் கடையை அடைக்கிற நேரம். அருள்பாண்டி விஷயத்தைச் சொன்னதும் மேஜை டிராயரைத் திறந்து போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

“என்னப்பா கோளாறு இதுல?”

“கோளாறா? ஒண்ணுமில்லண்ணே, நல்ல போனுதான். அக்காதான் ஆஃப் பண்ணிக் குடுத்து, ‘இத எங்கன்னு எங்க வீட்டுக்காரரு என்னைக்குக் கேக்குறாரோ அன்னைக்குக் குடு, எப்படியும் ஒரு மாசமாகும்’னு சொல்லிட்டுப் போனாங்க. பரவால்லண்ணே, நாலே நாள்ல வந்துட்டீங்க!”