பர்ஸ் எடுக்கப் போனவர்

மூன்றாவது ஆளும் "பர்ஸை வண்டியிலயே வச்சுட்டேன் சார், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இருபது நிமிடம் ஆயிற்று.

அரைநூல் பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் துடைத்த துணி தோளில் கிடந்தது.

"வண்டி எங்க நிக்குதாம்?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கீழதான்."

"அப்ப வந்துடுவாரு."

எழுந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கீழே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

அரைநூல் என்பது கடையில் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. எதைக் கொடுத்தாலும் அளந்து பார்த்து "அரை நூல் தள்ளியிருக்கு" என்று திருப்பி அனுப்புவார். பெயர் கடையிலிருந்து வீடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவி கோபம் வந்தால் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

அவளுக்குக் காது ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களைச் சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்பாள். நாள் முழுக்க இதே வாக்கியம். இவர் கண், அவள் காது. இரண்டு பேருக்கும் வாய் கொஞ்சம் கம்மி.

கிட்டார் அவரைவிட நாலு வயது இளையது. இருபத்தைந்து வருஷம் கல்யாண வரவேற்பு மேடைகளில் அதை வாசித்தார். பாடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். இவருக்குப் பின்வரிசையில், பூ அலங்காரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இடம். எந்தக் கல்யாண வீடியோவிலும் அவர் முகம் கிடையாது. ஒன்றில் முழங்கை இருக்கிறது. பாட்டுக்கு அடியில் கீழ்ஸ்தாயியில் போகிற பேஸ் கிட்டார் ஒலிப்பது யாருக்கும் தெரியாது. நின்றுபோனால், ஏதோ குறைகிறதே என்று தெரியும்.

கட்டைவிரல் படுகிற இடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது. அதன் கனத்தில் அவருடைய இடது தோள் இறங்கிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா, சொல்லாமலே இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கிச் சட்டை தைப்பாள்.

கச்சேரிகள் நின்ற பிறகு ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது. கிட்டார் மட்டும் வீட்டில் தங்கியது. சாயங்காலங்களில் இரும்பு அலமாரியில் அதன் தலையைச் சாய்த்துக்கொண்டு வாசிப்பார். மின்சாரம் இல்லாத பேஸ் கிட்டார், கொசு இருமுகிற அளவுக்குச் சத்தம் போடும். அலமாரியின் மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்து மனைவி துணி மடிப்பாள்.

"கேக்குதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"கேக்கல. முதுகுல தெரியுது."

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தடவையாவது பாட்டைத் தான் வாசிக்க வேண்டும். பாட்டுக்குப் பின்னால் நின்றது போதும். வயலின் வாங்கினார். ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தார்.

"இதுல கட்டமே இல்லையே மாஸ்டர். விரலை எங்க வைக்கிறது?"

"உங்க காது சொல்லும்."

காது ஒன்றும் சொல்லவில்லை. அவர் குத்துமதிப்பாக வைத்தார். அவருக்கு நன்றாகவே இருந்தது. ஆறாவது மாதத்தில் மாஸ்டர் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல பேஸ் கிட்டார் இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கை மறந்தாத்தான் இந்தக் கை வரும். கொடுத்துடுங்க."

இரண்டு மாதம் யோசித்தார். பிறகு மனைவியிடம் சொன்னார். அவள் மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள்.

"சரி" என்றாள். "ஆனா ஆள் எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வீட்டை ஒழுங்கு பண்ணி வைக்கணும்."

இணையத்தில் விளம்பரம் போட்டார். முதல் இரண்டு பேர் "கீழ வந்துட்டேன் சார்" என்று போன் செய்தார்கள். மேலே வரவில்லை. மூன்றாவது ஆள் வேகமாகப் படியேறி வந்துவிட்டார். மடிக்காத துணிகளை நகர்த்திவிட்டு சோபாவில் உட்கார்ந்து, வாசித்துப் பார்த்து, "எடுத்துக்கறேன்" என்றும் சொன்னார். அவர்தான் பர்ஸ் எடுக்கப் போனவர்.

அரைநூல் கீழே இறங்கிப் போனார். தையல்காரம்மா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒருத்தர் இறங்கி வந்தாரே, பர்ஸ் எடுக்க?"

"வந்தாரு சார்."

"எங்க அவரு?"

"போயிட்டாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல சார்."

துணியைத் திருப்பி வைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "வயலின் எந்த அளவுல இருக்கு சார்?"

"பரவால்ல. இங்க கேக்குதா?"

"நல்லா கேக்குது. நேத்து ஒரு அம்மா, மெஷினுக்கு எண்ணெய் போடக் கூடாதான்னு கேட்டாங்க."

"போடலாமே. வாரத்துக்கு ஒரு தடவை போடணும்."

"சரி சார்."

மேலே வந்து யோசித்தார். மூன்றாவது ஆள் வாசித்தபோது சத்தம் மந்தமாக இருந்தது. தந்திகள் பழசு, அதுதான் காரணம். புதுத் தந்தி வாங்கி வந்து மாட்டினார். பழைய தந்தியில் பதினான்கு வருஷத்து விரல் அழுக்கு இருந்தது. அந்த அழுக்கில்தான் குரலும் இருந்திருக்கிறது. புதுத் தந்தியில் கிட்டார், போடுகிற கொஞ்ச சத்தத்திலும் இரும்பு கேட்டைத் திறக்கிற மாதிரி கத்தியது.

வாங்குகிறவர் ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் இன்னும் கத்துமே என்று, சத்தத்தின் கூர்மையைக் குறைக்கிற குமிழை முன்கூட்டியே திருகினார். அது நகரவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பினார். ஐம்பது வருஷத்துப் பிளாஸ்டிக். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

வீடு முழுக்கத் தேடினார். மேசை டிராயரின் குமிழ் அளவில் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அரை நூல் பெரிது. தேய்த்துச் சரிசெய்து கிட்டாரில் பொருத்தினார். பித்தளைக் குமிழ். பார்க்கவும் எடுப்பாக இருந்தது. டிராயர்தான் மூடினபடியே நின்றுவிட்டது. இழுக்க ஒன்றும் இல்லை.

"டிராயர் குமிழ் எங்கங்க?"

"கிட்டார்ல."

மனைவி டிராயரைப் பார்த்தாள். கிட்டாரைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு" என்றாள். ஏன் நல்லது என்று அவருக்குப் புரியவில்லை.

நான்காவது ஆள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்றரை மணிக்கே கதவைத் தட்டினார்.

மனைவிதான் திறந்தாள். "நாலு மணின்னு சொன்னீங்களே?"

"பஸ் உடனே கிடைச்சிடுச்சு மேடம்."

அவள் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தாள். தையல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம்.

வந்தவர் பையிலிருந்து சின்ன டார்ச் எடுத்தார். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்னிஷ் போன இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். இப்படி ஒரு ஆள் வரவேண்டும் என்றுதான் அரைநூல் ஆசைப்பட்டார். வந்தபிறகு, அவர் கிட்டாரை எப்போது திருப்பிக் கொடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையா இருக்கு சார். தந்தியை மட்டும் மாத்தியிருக்கக் கூடாது. இந்தக் குமிழ்?"

"அது டிராயரோடது."

"பரவால்ல, மாத்திக்கலாம். எந்த வருஷத்துதுன்னு பேப்பர் இருக்கா? பழைய ரசீது மாதிரி?"

"இருக்கே. டிராயர்ல இருக்கு."

"டிராயர் திறக்காது" என்றாள் மனைவி அவசரமாக. "குமிழ் இல்ல."

"குமிழ் இதோ இருக்கே" என்றார் வந்தவர்.

கிட்டாரில் மாட்டிய குமிழைக் கழற்றி டிராயரில் பொருத்தினார்கள். வந்தவர் மேசையைப் பிடித்துக்கொள்ள, அரைநூல் இழுத்தார். டிராயர் முழுதாகக் கையோடு வந்தது. எல்லாம் தரையில் கொட்டியது. மனைவி குனிவதற்குள் அரைநூல் குனிந்துவிட்டார்.

ரசீதுக்கு மேலே ஒரு கட்டம் போட்ட தாள் இருந்தது. அதில் அவர் பெயர், இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தபோது, சோதித்துப் பார்க்க அவரைத்தான் உட்கார வைத்தாள். "வயசுக்கேத்த மாதிரி இருக்கு" என்று அன்றைக்குச் சொன்னாள். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

தாளில் ஒரு கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. பாதியைத் தாண்டியதும் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஓரத்தில் அவள் கையெழுத்து: 'மேல் ஸ்தாயிச் சத்தம் கேட்பது குறைவு. பிறகு சொல்லலாம்.'

"மேல் சத்தம் எனக்குக் கேக்காதா?"

"கேக்கும். கொஞ்சம்."

"வயலின்?"

"பாதி கேக்கும்."

"மீதி?"

அவள் கீழே கிடந்த ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கினாள்.

"மீதி எங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

வந்தவர் இரண்டு பேரையும் பார்த்தார். "ரசீது அதுதானா சார்?"

அரைநூலுக்குத் தையல்காரம்மாவின் மெஷினும் எண்ணெயும் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் ஆனால் நடக்கப் போய்விடுவது ஞாபகம் வந்தது. உடம்புக்கு நல்லது என்று தான் அவரைப் பாராட்டியதும் ஞாபகம் வந்தது.

கிட்டாரை எடுத்தார். அலமாரியில் அதன் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். வயலினில் எட்டு மாதமாகப் பழகுகிற பாட்டை மெதுவாக ஆரம்பித்தார். பேஸ் கிட்டாரில் யாரும் பாட்டை வாசிப்பதில்லை. ஆனால் அதில் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு விரலும் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அரை நூல் தள்ளவில்லை.

"சத்தமே கேக்கலையே சார்" என்றார் வந்தவர்.

"கேக்காது" என்றாள் மனைவி. சோபாவிலிருந்த துணியை அள்ளிக்கொண்டு அலமாரியின் மறுபக்கம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். சட்டை ஒன்றை மடித்தாள். அடுத்ததை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். பல்லவி திரும்பி வந்தபோது, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டவர்கள் செய்கிற மாதிரி, வலது கையைத் தூக்கினாள்.

அரைநூல் அதைப் பார்த்தார். வாசித்து முடித்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. இது விக்கிறதுக்கு இல்ல."

"ரெண்டு பஸ் மாறி வந்தேன் சார்."

"டீ சாப்பிட்டுப் போங்க."

அவர் டீ சாப்பிட்டார். போகும்போது வார்னிஷ் போன இடத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அரைநூல் கேட்டார். "எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"சந்தோஷமா வாசிச்சீங்க. எப்படிச் சொல்றது?"

"கிட்டாரை விக்கறேன்னு சொன்னப்பக்கூட சரின்னுதானே சொன்ன?"

"சரின்னுதான் சொன்னேன்" என்று சட்டையை உதறினாள்.

சாயங்காலம் வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். மூடுவதற்கு முன்னால் அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்மேல் ஒரு குறையும் இல்லை. விளம்பரத்தில் 'பேஸ் கிட்டார்' என்பதை அழித்து 'வயலின்' என்று போட்டார். பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"மத்தியானம் யாரோ வந்துட்டுப் போனாங்களாமே சார்? நான் சாப்பிடப் போயிருந்தேன்." அவள் குரலில், பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்படிக்கு வந்தவளின் வருத்தம் இருந்தது.

"வந்தாரு. கொடுக்கல. கிட்டாரை விக்கிறதா இல்லம்மா. வயலினைத்தான் விக்கப் போறேன். நாளையிலேருந்து அதைக் கேட்டு ஆள் வருவாங்க."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்படின்னா வீட்ல அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க சார். இவங்களையும் திருப்பி அனுப்பணுமா, இல்ல மேல விட்டுடலாமா?"