பேர் சொல்லாத ஏரியின் பெருந்தலைவர்

பயணம் போகிறவர் ஓர் இனம். பயணத்துக்குத் திட்டம் வகுக்கிறவர் வேறோர் இனம். இவ்விரண்டும் ஒன்றென்று மயங்கி வாழ்கிற அன்பர்களே, சற்றுச் செவி சாயுங்கள். முன்னவர் பையைத் தோளில் மாட்டிக் கதவைச் சாத்துவார், தீர்ந்தது காரியம். பின்னவரோ, அதிலும் நார்வே நாட்டிலே, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து தூண்டிலிடும் திருக்கூட்டத்தைச் சேர்ந்தவராயின், முதற்பனி விழும் நாள் தொட்டுக் கடைசிப் பனி உருகும் நாள் மட்டும் தம் வீட்டு நிலவறையில் நண்பரைக் கூட்டி வைத்து, எவரும் எட்டாத காட்டிலே, எவரும் காணாத ஏரியிலே, எவரும் தொடாத மீனைத் தொடும் வகையை எண்ணி எண்ணி, பேசிப் பேசி, வரைந்து வரைந்து உருகுவார். பனியும் உருகிவிடும். மீன் மட்டும் வராது.

அவரை நீங்கள் எங்கும் காணலாம். ஹாமர் நகரத்தில் அவருக்குத் தோர்கில் என்று பெயர்.

தோர்கிலின் நிலவறைக்கு வியாழன்தோறும் தவறாது போய்வந்த அடியார் இருவர். ஒருவர் ஸ்வைனுங், எதையும் கேள்வி கேட்பவர், ஆகவே காப்பி கலக்கும் பணியில் அமர்த்தப்பட்டவர். மற்றவர் ஐலிஃப். இவருக்கு இடது முழங்கால் தேய்ந்துபோய், இலையுதிர் காலத்தில் அறுவை என்று நாள் குறித்தாயிற்று. அதற்குப்பின் ஓடும் நீரில் நின்று தூண்டில் வீசுவது நடக்குமா என்று கேட்டதற்கு மருத்துவர் தோளைக் குலுக்கினார். ஆகவே ஐலிஃப் இறைவனிடம் வேண்டியது பெரிதொன்றும் இல்லை. இந்தக் கோடையில் ஒரே ஒரு நல்ல டிரவுட் மீன். பழைய கால் நிற்கும்போதே ஒன்று.

“போகப்போற ஏரி பேரையாவது சொல்லேன்டா,” என்று கேட்டார் ஐலிஃப், பல குளிர்காலம் கேட்ட அதே கேள்வியை.

தோர்கில் சன்னலை நோக்கினார். சன்னலுக்கு வெளியே பனியும் ஒரு குப்பைத்தொட்டியும் இருந்தன. “சுவத்துக்கும் காது இருக்கும்டா. கார்ல ஏறினப்புறம் சொல்றேன்.”

இந்தக் குலத்தாருக்கு ஏரியின் பெயர் மூலமந்திரம். மனைவியை நம்புவர், வங்கியை நம்புவர், அரசாங்கத்தைக்கூட நம்புவர். நல்ல மீன் உள்ள நீரின் பெயரை எவரிடம் நம்பிச் சொல்வர்?

மந்திரம் அப்படியென்றால் தந்திரம் கேளுங்கள். தோர்கில் பல் துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தெறிவார், சுமை குறையுமென்று. பிறகு அதே பையில் கரிபிடித்த இரும்புக் காப்பிக் கெண்டியை ஏற்றுவார், அது இல்லாமல் காடு காடாகாதென்று. அடியார் கட்டிய பூச்சிகளை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துத் தேர்வு நடத்துவார். ஐலிஃப் தம் வீட்டுப் பூனை உதிர்த்த சாம்பல் மயிரைச் சுற்றி ஒன்று கட்டிக் கொண்டுபோன வாரம், தோர்கில் அதை விளக்கருகே மும்முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பூச்சிடா?”

“சாம்பல் பூச்சி.”

“செருப்புல ஒட்டின பஞ்சு மாதிரி இருக்கு. உள்ள வை. மீன் பாத்தா சிரிக்கும்.”

“சிரிக்க வாயத் தொறக்கும்ல?” என்றார் ஸ்வைனுங். “அப்ப மாட்டிக்கும்.”

அவரைக் காப்பி கலக்க அனுப்பினார்கள்.

திட்டத்தின் மணிமகுடம் இனிமேல்தான். மேட்டுநிலத்து ஆறு ஒன்று; அதன் கீழ்க்கரையில் அந்த ஏரி. கீழ்க்கரைச் சாலையில் காரை விட்டால் சிறுநடையில் போய்ச் சேரலாம். ஆனால் அங்கே கார் நிற்பதைக் கண்ட பிற தூண்டிற்காரர் உண்மையை உய்த்துணர்ந்துவிடுவார்களே! ஆகவே தோர்கில் காரை மேல்கரையில், இரண்டு மலைகளுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, நாளெல்லாம் நடந்து, கோடைப் பாலத்தின் வழியே ஆற்றைக் கடப்பதென்று விதித்தார். கூட்டம் வருமுன்னே போகவேண்டும் என்பதால் கோடை பிறந்தவுடனே புறப்பாடு.

கோடைப் பாலமாவது, குளிர் வருமுன் பலகைகளைக் கழற்றிக் கரையேற்றி, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் பரப்பும் பாலம்.

“இந்த வருஷம் பனி லேட்டா உருகுது,” என்றார் ஸ்வைனுங். “பலகை போட்டாச்சான்னு பாலத்தப் பாத்துக்கிற மலைக்குடில்காரங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேப்போமே?”

தோர்கில் நெஞ்சில் கைவைத்தார். “கேட்டா, எங்க போறோம்னு தெரிஞ்சு போயிடும்டா!”

ஐலிஃப் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

புறப்பட்டார்கள். ஆம், மெய்யாகவே புறப்பட்டார்கள். இக்குலத்தின் வரலாற்றில் இஃது அரிது. சதுப்பில் புதைந்தும், பாறையில் வழுக்கியும், கொசுப் படைக்குக் குருதி ஈந்தும், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை நின்றபடியே தின்றும், ஐலிஃப் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலோடு உடன்படிக்கை செய்தும், மாலையில் ஆற்றை அடைந்தார்கள். ஆறு இரு கரையும் தொட்டு முழங்கிற்று. பாலத்தில் இரண்டு இரும்புக் கயிறுகள் இருந்தன. பலகைகள் அக்கரையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

அப்பலகைகளுக்கு அப்பால் ஏரி தெரிந்தது, வெள்ளித்தட்டுப்போல் ஒளிர்ந்தது. அதன் கரையில், மடக்கு நாற்காலி இரண்டு போட்டு, முதிய தம்பதியர் மண்புழுவும் மிதவையுமாய் அமர்ந்திருந்தனர். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அம்மூதாட்டி முன்கை நீளத்து மீன் ஒன்றை இழுத்துப் போட்டார். இவர்களைக் கண்டு, மீனைத் தூக்கிக் காட்டி, அன்போடு கையசைத்தார்.

தோர்கில் தொப்பியைக் கழற்றி வணங்கினார். வேறென்ன செய்வார்?

“நல்ல ஏரிதான் போலருக்கு,” என்றார் ஸ்வைனுங். “பேரு என்னடா?”

அப்போதும் தோர்கில் சொல்லவில்லை.

திரும்பும் நடையைப் பாட நாவில்லை. கூடாரத்தில் ஓர் இரவும், நொண்டலில் ஒரு பகலும் கழிந்து, கார் நிற்குமிடம் வந்து சேர்ந்தபோது ஐலிஃபின் முகம் மேட்டுநிலத்துப் பாசியின் நிறம். தோர்கில் வரைபடத்தைக் காரின் முகப்பில் விரித்து, பிழை எங்கே நேர்ந்ததென்று ஸ்வைனுங்குக்கு விளக்கலானார். பிழை பனியினுடையது என்று விளங்கிற்று. ஐலிஃப் கேட்கவில்லை. கார் நிறுத்தத்தின் மரக் கழிப்பறைக்குப் பின்னே, சாலைக்கடியில் குழாய்வழி நுழைந்து ஓர் ஓடை விழுந்து, சிறு மடுவாய்ச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் காலணியைக் கழற்றி, வீங்கிய முழங்காலைக் குளிர்நீரில் நனைக்கப் போனவர், பழக்கத்தால் தூண்டிலையும் எடுத்துப்போனார். முழங்கால் ஆழத்தில் நின்றார். தேர்வில் தோற்ற பூனைமயிர்ப் பூச்சியை நூலில் முடிந்து, வீசினார்.

மடு வெடித்தது.

“டேய்! டேய்! வலைய எடுத்துட்டு வாங்கடா!”

கோல் வளைந்தது, நூல் நீரைக் கீறியது, ஐலிஃப் சிரித்தார், முனகினார், ஒற்றைக்காலில் நின்று ஆண்டவனை அழைத்தார். ஸ்வைனுங் வலையோடு பாய்ந்து இடுப்பளவு நனைந்தார். பொன்வயிறும் செம்புள்ளியுமாய்க் கரையேறியது ஒரு டிரவுட், அந்த மூதாட்டியின் மீனைவிட ஒரு சாண் பெரிது. ஐலிஃப் புல்லில் உட்கார்ந்து அதை மடியில் கிடத்தி, புள்ளிகளை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டார். முழங்கால் வலித்ததா என்று பிறகு கேட்டார்கள். நினைவில்லை என்றார்.

தோர்கில் நண்பரைக் கட்டித் தழுவினார், கண்கூடக் கலங்கியது. பிறகு சாலையை இருபுறமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“டேய், இந்த இடத்த ஒருத்தன்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த வருஷம் கார இங்க நிறுத்தவே கூடாது, பாத்துருவாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு, நடந்தே இங்க வந்துருவோம்.”

ஸ்வைனுங் காப்பி போட எடுத்த கெண்டியைக் கீழே வைத்தார். “ஐலிஃப், நீயாவது சொல்லுடா இவனுக்கு.”

ஐலிஃப் மடியிலிருந்த மீனைப் பார்த்தார், மடுவைப் பார்த்தார்.

“இல்லடா,” என்றார் மெல்ல. “அதுவும் சரிதான்னு தோணுது.”

இப்போது வியாழன்தோறும் நிலவறைக்கு முதலில் வருபவர் அவரே, புதுமுழங்காலும் கைத்தடியும் பை நிறையப் பூனைமயிருமாக. “எங்க புடிச்ச அத?” என்று அவர் மனைவி ஓஸ்லாவ் கேட்டதற்குக்கூட, “மேல... வடக்கால,” என்று கையை வானத்தின் பாதிக்கு வீசினார்.

எந்தச் சாலை, எந்தக் கழிப்பறை என்று அறிய ஆவலாயிருக்கிறதா அன்பரே? ஆறு, இரும்புக் கயிற்றுப் பாலம், கீழ்க்கரையில் ஏரி என்று மனத்துக்குள்ளே ஒரு படம் வரையத் தொடங்கிவிட்டீர்களோ? ‘சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்’ என்கிறீர்களா? வியாழக்கிழமை வாருங்கள். நிலவறையில் இன்னும் ஒரு நாற்காலிக்கு இடமிருக்கிறது. ஆனால் உங்கள் காரை மட்டும் இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள்.