பலாக்காய் என்று கப்டன் சொன்ன நாள்

கொழும்பு நகரத்தில் பொய் சொல்லவே தெரியாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் எங்கள் கப்டன்தான். அவருடைய பெயரே பொய் என்பது வேறு விஷயம். அந்தப் பொய்யும் அவர் சொன்னதல்ல, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் வைத்தது. யாராவது "கப்டன்" என்று கூப்பிட்டால் நின்று, திரும்பி, ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

"கப்டன் இல்லை. கப்பல் சமையலறையில வெங்காயம் வெட்டினவன்."

"சரி கப்டன்," என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.

கப்டனும் நானும் பிலோமினாக்கா வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். சாப்பாடும் அக்காதான். நான் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் ஆணியும் கதவுப் பிணைச்சலும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வந்தவன். சரியான கூச்சம். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன்.

பிலோமினாக்காவும் கப்டனும் வேதக்காரர், கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். நானோ சைவக்காரன். வெள்ளிக்கிழமை மீனும் கூடாது என்று சொல்லக் கூச்சம். மீன் துண்டைச் சோற்றுக்குள் ஒளித்துவைத்து, கொல்லைப்பக்கம் போய்ப் பூனைக்குப் போடுவேன். சோற்றுக் கோப்பை வெறுமையாக இருப்பதைப் பார்த்து, அடுத்த வெள்ளி அக்கா இரண்டு துண்டு வைத்தார். பூனைகளும் கூடின. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்டன் வேலை செய்த கப்பல் ஒருமுறை பழுதாகி நியூயோர்க் துறைமுகத்தில் கிடந்ததாம். அங்கே 'டெலி' என்று ஒருவகைக் கடை. பாண், இறைச்சி, வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காய், சலட் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். அந்தக் கடையில் ரியூனா மீன் சலட் வைத்த சாண்விச் ஒன்றைக் கப்டன் தின்றார். அதற்குப் பிறகு உலகத்தில் அவருக்கு வேறு செய்தி இல்லை. தேர்தலைப் பற்றிக் கதைத்தாலும் சரி, செத்த வீட்டில் கதைத்தாலும் சரி, பேச்சு சுற்றி வளைத்து அந்தக் கடை வாசலில் போய் நிற்கும்.

கப்பலை விட்டு வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளை உடுப்பு ஒன்றும், ஐஸ்கிரீம் அள்ளுகிற உருண்டைக் கரண்டி ஒன்றும்தான்.

"டெலியில சலட்டை உருண்டையாத்தான் வைப்பாங்க தம்பி. பரப்பி வைச்சா அது சம்பல்."

அதே சலட்டை வீட்டில் செய்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே இலட்சியம். அது தகரத்தில் அடைத்த வெளிநாட்டு ரின் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். ரின் ரியூனாவுக்கு எங்கே போவது? அதே இனத்துக் கெலவல்லா மீனை வாங்கி, உப்புத் தண்ணீரில் அவித்து, ஆறவைத்து, உதிர்த்து, துணியில் கட்டிப் பிழிவார்.

"தண்ணி ஒரு சொட்டு நிண்டாலும் அது சலட் இல்லை, சொதி."

ஒருநாள் பிழிவதற்கு மெல்லிய துணி கிடைக்கவில்லை. கொடியில் ஒரு வெள்ளை வலைத்துணி காய்ந்துகொண்டிருந்தது. பிழிந்து, அலசி, திரும்பவும் கொடியில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிலோமினாக்கா அந்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். ஒழுங்கைப் பூனைகள் அத்தனையும் பின்னால் போயின. நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பாதருக்கு முன்னால் வரிசையில் ஒரு பூனையும் நின்றதாக எதிர்வீட்டு ஆட்கள் சொன்னார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து, "என்ர முக்காட்டில என்ன செய்தீங்க?" என்று கேட்டார்.

வேறு யாராவது என்றால் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். கப்டன், "கெலவல்லா பிழிஞ்சன். நல்லாப் பிழிஞ்சுது," என்றார்.

அவர் அப்படித்தான். அக்கா கிறிஸ்மஸ் கேக் கொடுத்து எப்படி என்று கேட்டபோது, "கப்பல்ல இருந்திருந்தா நங்கூரத்துக்குப் பாவிச்சிருப்பம்," என்று சொல்லி, பொங்கல் வரைக்கும் அக்காவின் கையால் பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி குடித்தார்.

மீனை ஒருவாறு வென்றாலும் அதில் கலக்கிற மயோனீஸ் அவரை வதைத்தது. முட்டை மஞ்சட்கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் வெண்ணெய் போலத் திரள வேண்டும். தேங்காயெண்ணெயில் செய்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலை போல மணந்தது. ஒலிவ் எண்ணெய் வேண்டும். அது மருந்துக்கடையில்தான், குழந்தைகளுக்குப் பூசுவதற்குச் சின்னப் போத்தலில் விற்பார்கள். கப்டன் போய் இருந்த போத்தல் எல்லாவற்றையும் கேட்டார்.

"எத்தனை பிள்ளையள் ஐயா?" என்று கடைக்காரர் சந்தோஷமாகக் கேட்டார்.

"பிள்ளை இல்லை."

"அப்ப ஆருக்குப் பூச?"

"பூச இல்லை. தின்ன."

கடைக்காரர் போத்தல்களோடு வயிற்றுக்கு ஒரு மருந்துப் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒலிவ் எண்ணெயிலும் மயோனீஸ் உடைந்து தண்ணீராக ஓடியது. கப்டன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு, "பிழை எண்ணெயில இல்லை. தரையில," என்றார்.

"தரைக்கு என்ன?" என்றார் அக்கா.

"அசையுதில்லை. கப்பல்ல திரண்டது, இங்க திரளேல்ல. வேற என்ன வித்தியாசம்?"

விறாந்தையில் அக்காவின் ஆடுகிற கதிரை ஒன்று இருந்தது. கப்டன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நின்று ஆட்டுவது நான். பக்கத்தில் நின்று எண்ணெய் விடுவது அக்கா.

"அலையைக் கொஞ்சம் கூட்டு தம்பி. ஆ, அளவு. புயல் வேண்டாம். அக்கா, எண்ணெய்."

"நீங்க ஒரு இடத்தில நிண்டாத்தானே விடலாம்."

"கடல் நிக்காது அக்கா."

திரண்டது. ஆடுகிற பாத்திரத்துக்குக் குறிபார்த்து அக்கா ஒவ்வொரு சொட்டாக விட்டபடியால்தான் திரண்டது என்று நான் அப்போதே நினைத்தேன். சொல்லக் கூச்சம். கப்டன் அதில் நுவரெலியாச் செலரியும் வெங்காயமும் பொடியாக வெட்டிப் போட்டு, கடுகு, மிளகு, தேசிக்காய்ப் புளி சேர்த்து, மீனோடு மெதுவாகக் கலந்தார். ஐஸ் கட்டிக்கு மேல் வைத்துக் குளிரவிட்டு, உருண்டைக் கரண்டியால் அள்ளி, பாணுக்கு நடுவில் வைத்துத் தந்தார். உண்மையைச் சொன்னால், அமிர்தம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் அதன் கதை முழுவதையும் கேட்காமல் தப்பிப் போனதில்லை.

இந்த நிலைமையில்தான் எனக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் தட்டிப்போயிருந்தன. ஐந்தாம் வகுப்பு என்றதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் என்னோடு கதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை தரகர் தந்த படத்தை நான் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆணி நிறுக்கும்போதும் எடுத்துப் பார்ப்பேன். இதுவும் தட்டிப்போனால் இனிக் கலியாணமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

பெண்ணின் தகப்பனார் தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "பொடியனுக்குக் கொழும்பில ஆர் இருக்கினம்?" தரகருக்கு மறுமொழி தெரியவில்லை. அதனால் தானே நேரில் வந்து பார்க்கப் போவதாகத் தகப்பனார் சொன்னார். நாள் வெள்ளிக்கிழமை.

இதைக் கேள்விப்பட்டதும் கப்டன் வெள்ளை உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டார். "மாப்பிள்ளை வீட்டார் நாங்கள்தான். சாப்பாடு என்ர பொறுப்பு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கப்டன்..." என்று இழுத்தேன்.

"எனக்கு நீ சொல்லித்தர வேணுமே? இறைச்சி தொடமாட்டன்."

மீனும் கூடாது என்று சொல்லக் கூச்சம். வடை போடுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு அடுத்த நாள் காலை வேலைக்குப் போனேன்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தால், தகப்பனார் ஏற்கெனவே விறாந்தையில் இருக்கிறார். நேரே கோயிலிலிருந்து வந்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, காதில் பூ. கையில் சாண்விச். அவருக்கு முன்னால் கப்டன், பொத்தான்கள் பளபளக்க. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

முதல் சாண்விச் முடிந்தது. இரண்டாவதை எடுத்தார். பாதியில் மெல்லுவதை நிறுத்தினார். நாக்கால் வாய்க்குள் எதையோ துழாவினார். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டு, "நல்ல சாப்பாடு. வெள்ளிக்கிழமையில நான் மச்சம் தொடுறதில்லை. இது என்ன காய் ஐயா?" என்று கேட்டார்.

 கப்டன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு துண்டு மீன் காணாமற்போன என் கோப்பை அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நான் என் செருப்பைப் பார்த்தேன். கப்டன் வாயைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார்.

"பலாக்காய்," என்றார்.

"பலாக்காயோ?"

"பிஞ்சுப் பலாக்காய். அவிச்சு, உதிர்த்து, தண்ணி இல்லாமப் பிழியவேணும் ஐயா. தண்ணி நிண்டா சொதி." உண்மையான செய்முறைக்கு வந்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. "விடியக்காலமை போகவேணும். தோணி வந்த உடனே வாங்கினாத்தான் புதுசு."

"பலாக்காய் தோணியிலயோ வருது?"

"நீர்கொழும்புப் பக்கத்தில இருந்து வாறது," என்றார் கப்டன். நெற்றியில் வேர்வை. "வாங்கேக்க கண்ணைப் பார்த்து வாங்கவேணும்."

"கண்ணை."

"பலாக்காயின்ர கண். கலங்கியிருந்தா வாங்கக்கூடாது."

பிலோமினாக்கா இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு பூனை விறாந்தைக்கு வந்து, தகப்பனாரின் காலை உரசிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"இதுக்கும் பலாக்காய் விருப்பம் போல," என்றார் அவர்.

"சரியான விருப்பம்," என்றார் கப்டன்.

தகப்பனார் கப்டனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்றாவது சாண்விச்சை எடுத்தார்.

அவர் போன பிறகு கப்டன் ஆடுகிற கதிரையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதருக்கு அந்தச் சலட்டைக் கொடுத்து, டெலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"பாதர் என்ன சொன்னவர்?" என்று அக்கா கேட்டார்.

"மன்னிச்சிட்டார். பிறகு செய்முறையைக் கேட்டார்."

சம்பந்தம் சரிவந்தது. கலியாணத்துக்குப் பிறகு மாமா வீட்டிலிருந்து ஒரு சொல் வந்தது. கப்டன் வருவதாக இருந்தால் அந்தப் பலாக்காய்ச் சலட்டைக் கொண்டு வரட்டுமாம். கப்டன் மெய்யாகவே பிஞ்சுப் பலாக்காய் வாங்கி, முட்டை இல்லாமல் தயிரும் கடுகும் கலந்து, நான் கதிரையை ஆட்ட, மல்லுக்கட்டினார். கோந்து மாதிரி ஒன்று வந்தது. மாமா முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, "அண்டைக்குப் போல இல்லை," என்றார். கப்டன் அதன் பிறகு வெள்ளவத்தைப் பக்கம் வெள்ளிக்கிழமைகளில் போவதில்லை.

கப்டன் போய்ச் சேர்ந்தபோது மாமாவும் அடக்கத்துக்கு வந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், திடீரென்று கேட்டார்.

"தம்பி, பலாக்காய்க்கு உள்ளுக்கும் முள்ளு இருக்குமோ?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ரெண்டாவதில இருந்தது. நாக்குக்கடியில வைச்சுக்கொண்டுதான் கேட்டனான்."

"அப்ப ஏன் மாமா ஒண்டும் சொல்லேல்ல?"

"உனக்குக் கொழும்பில ஆர் இருக்கினம் எண்டு பார்க்கத்தானே வந்தனான். அந்த மனுசன் வேர்த்து வேர்த்துப் பலாக்காயின்ர கண்ணைப் பற்றிச் சொல்லேக்க, பார்த்திட்டன்."



"முள்ளு இருக்கெண்டு தெரிஞ்சும் மூண்டாவதை ஏன் எடுத்தனீங்கள்?"

"அதுவோ," என்றார் மாமா. "அது ருசிக்கு."

கப்டனின் உருண்டைக் கரண்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பிலோமினாக்காவின் கதிரையும் எங்களிடம்தான். வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து மனைவி மீனை அவித்துப் பிழிந்து வைத்துவிட்டு, பாத்திரத்தோடு கதிரையில் வந்து உட்காருவாள். மயோனீஸுக்கும் அலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் பின்னால் போய் நின்று ஆட்டுவேன்.