ஹெட்லைட்டுக்குப் பொட்டு வச்ச கதை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மேலூருக்கு உள்ள தள்ளி ஒரு கிராமத்துல இருக்கிற மாமனாரைக் கார்ல ஏத்திக்கிட்டு கோச்சடையில இருக்கிற எங்க வீட்டுக்கு வந்து சேரணும். அம்புட்டுதான்!

மறுநாள் காலையில அவருக்குக் கண் ஆஸ்பத்திரி. புரை முத்திப்போச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. மனுசன் நடவு, அறுப்புன்னு சாக்குச் சொல்லியே தப்பிச்சுக்கிட்டு இருந்தாரு.

"இந்தத் தடவை சம்மதிக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நீங்களும் வராதீங்க"ன்னுட்டா என் பொண்டாட்டி செல்வி.

இடையில என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் ஹெட்லைட் வாத்தியார். எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணுங்க, ஹைபீம் போட்டு அடுத்தவன் கண்ணைக் கெடுக்காதீங்கன்னு வாரம் ஒரு பதிவு போடுவேன். ஒருத்தனும் படிக்கிறதில்ல. நானும் விடுறதில்ல.

போகும்போது நல்ல வெளிச்சம். மாமியார் காப்பி, பணியாரம்னு உபசரிச்சதுல கிளம்ப ஏழாயிருச்சு. கம்மாக்கரை ரோடு, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணி. தெருவிளக்கு பேருக்குக்கூட கிடையாது.

லைட்டைப் போட்டேன். ரோட்டைக் காணோம்!

மஞ்சளா ஏதோ மங்கலாத் தெரியுது. கண்ணைத் தேச்சுக்கிட்டேன். கண்ணாடியைத் தொடைச்சேன். ம்ஹூம். சரி, வேற வழியில்லைன்னு ஹைபீம் போட்டேன். ஆமா, நானேதான்.

எதிர்ல வந்த பைக்குக்காரன் லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டான். ஐயய்யோ, நம்மளையே ஒருத்தன் டிம் பண்ணச் சொல்லிட்டானேன்னு கூசிப்போய் டிம் பண்ணேன். இருந்த வெளிச்சமும் போச்சு. அவன் தாண்டும்போது, "செத்துத் தொலையப் போற!"ன்னு கத்திட்டுப் போனான்.

டிம் பண்ணவனையும் திட்டுறாய்ங்களே, இந்த ஊரு உருப்படுமான்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

பக்கத்துல மாமனார் சீட்டு நுனிக்கு வந்துட்டாரு.

"மாப்ள... ரோடு தெரியுதா?"

அவர்கிட்டப் போயி தெரியலைன்னு சொல்ல முடியுமா? கல்யாணத்தன்னைக்கே என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை வண்டி ஓட்டுவாரா?"ன்னு சந்தேகமாக் கேட்டவரு.

"பளிச்சுனு தெரியுது மாமா!"

 மாமனாருக்குக் குரலே இறங்கிப்போச்சு.

"எனக்கு ஒண்ணுமே தெரியல மாப்ள. அம்புட்டும் இருட்டு. செல்வி சொன்னப்பவே கேட்டிருக்கணும். நாளைக்கே ஆபரேஷனை வச்சிரச் சொல்லுங்க."

 எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் பயம். நம்ம கண்ணுமா போயிருச்சு?

அந்த யோசனையிலயே ஒரு வளைவுல திரும்புனேன். மூஞ்சிக்கு முன்னாடி ஒரு வைக்கோல் பாரம்!

போட்டேன் பாருங்க பிரேக்கு. இருபதுல ஊர்ந்ததால பொழச்சோம். வண்டி நின்னப்ப ரெண்டு வைக்கோல் பானட்டைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு.

பாரம் ஏத்துன ட்ராக்டர் பஞ்சராகி நின்னிருக்கு. ட்ராக்டர்காரர் டயர்கிட்ட இருந்து எந்திரிச்சு வந்தாரு. "அண்ணே, லைட்டைப் போட்டு வாங்கண்ணே!"

"போட்டுத்தான்யா வாரேன்! உன் வண்டிக்குப் பின்னாடி ஒரு லைட்டு இருக்கா?"

"பின்னாடி வாரவுக கிட்டதான் லைட்டு இருக்குமேன்னு மாட்டலண்ணே."



அவரு செல்போன் டார்ச்சை என் கார் மூஞ்சில அடிச்சாரு. அடிச்சுட்டுச் சிரிச்சாரு பாருங்க, கம்மா முழுக்கக் கேட்டிருக்கும்.

ரெண்டு ஹெட்லைட்டையும் மூடி அடை மாதிரி சந்தனம். நடுவுல குங்குமம். ஆயுத பூஜையன்னைக்கு நானே என் கையால அப்புனது! பூஜைப் பொட்டைத் தொடைக்கக் கூடாது, தானா உதிரணும்னு விட்டிருந்தேன். அப்புறம் மூணு நாளும் பகல்லயே ஆபீஸ் போயிட்டு வந்ததுல லைட்டு போடுற வேலையே வரல.

மாமனார் துண்டை நனைச்சுச் சுரண்டி எடுத்தேன். லைட்டு போட்டா ரோடு, கம்மா, கருவேலமரம், எல்லாம் வந்திருச்சு.

"அட, எனக்கு நல்லாத் தெரியுதே! அப்ப எதுக்கு ஆபரேஷன்?"னாரு மாமனார். அடுத்த கேள்வி இன்னும் மோசம். "ஆமா, பளிச்சுனு தெரியுதுன்னீகளே மாப்ள, எது தெரிஞ்சுச்சு?"

கோச்சடை வர்ற வரைக்கும் நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டுனேன்.

வீட்டுல அவரு ஒண்ணு விடாமச் சொல்லி முடிச்சாரு. செல்வி என்னையே பார்த்தா. கத்தல. போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசுனா.

"நாளைக்கு ஒருத்தர் இல்லைங்க, ரெண்டு பேரு வாராங்க."

மறுநாள் மாமனாரும் நானும் கண்ணுல சொட்டு மருந்தோட ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவருக்கு ஆபரேஷன் தேதி குறிச்சுட்டாய்ங்க. துணைக்கு நான் மாட்டுன சந்தோஷத்துல அவரும் மறுப்பு சொல்லல.

எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டாரு டாக்டர். அதை எப்படி செல்விகிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல.