ஃப்ரீசரில் பாறைக்கொடி

வேங்கிக்கால்,
12.5.1999

அன்பு மருமகள் சிந்துஜாவுக்கு மாமா அப்பாசாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தனமும் அக்னி வெயில் அனுமதித்த அளவுக்குச் சுகம். பெங்களூரில் நீயும், உன் ஆய்வகத்தில் பழுதாகிக் கிடக்கும், விதைகளை உறையவைக்கிற நைட்ரஜன் தொட்டியும் சீக்கிரம் சுகப்பட வேண்டும். போனில் சொல்லலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் பின்னால் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஆகவே கடிதம்.

இந்த மலையில் மட்டுமே வளரும் பாறைக்கொடியின் விதைகளை ஒரு வாரம் அலைந்து சேர்த்து, காயவைத்து, இருபத்து நான்கு பொட்டலமாக ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, போன மாதம் பதினேழாம் தேதி என் கையில் கொடுத்தாய். தொட்டி சரியானதும் குளிர்க் குடுவையோடு வந்து எடுத்துப் போகிறேன், பதினைந்தே நாள், அதுவரை ஃப்ரீசரைத் திறக்காதீர்கள், விதையில் ஈரம் பட்டால் உறையும்போது செத்துப்போகும் என்றாய். இன்று இருபத்தைந்தாம் நாள். நீ ஃப்ரீசரை மட்டும்தான் சொன்னாய். பெரிய கதவைத் திறந்தால் சின்னக் கதவுக்குச் சூடு தட்டாதா என்று நானாக யோசித்து, மொத்த ஃப்ரிட்ஜுக்கும் சைக்கிள் செயின் சுற்றிப் பூட்டிவிட்டேன். இட்லி மாவு உள்ளே இருந்ததைக் கவனிக்கவில்லை. உன் அத்தை நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் மலையில் தீப்பிடித்தது. மேற்குப் பக்கம் முழுக்கப் புகை. உனக்குக் கொடியைக் காட்டிக் கொடுத்த பச்சிலைக்காரப் பாஞ்சாலையம்மா மறுநாள் காலையில் புடவையெல்லாம் சாம்பலாக வந்து வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. "ஒண்ணுகூட இல்லீங்க. வேரோட பொசுங்கிப் போச்சு. உங்க பொட்டியில இருக்கறதுதான் இனிமே"ன்னு சொன்னார். உன் அத்தை என்னிடம் சாவியை வாங்கி, மாவையும் பாலையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளே செயினை மறுபடி பூட்டினாள். அதுவரை எனக்கு அது உன் டப்பா. அதற்கப்புறம் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

இருபத்தெட்டாம் தேதி தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. கரண்ட் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். நான் டப்பாவைக் கம்பளியில் சுற்றி, டி.வி.எஸ். ஃபிப்டியில் வைத்துக்கொண்டு செங்கம் ரோடில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் ரஹமத் பாயிடம் ஓடினேன். அவரிடம்தான் பெரிய ஐஸ் பெட்டியும் ஜெனரேட்டரும் உண்டு. வெள்ளிக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காகப் பெட்டி நிறைய குல்பி. "குல்பி உருகும் சார், வெதை உருகாதே, அப்புறம் எதுக்கு அதுக்கு ஐஸ்?" என்று கேட்டார். நான் மலையில் தீப்பிடித்ததைச் சொன்னேன். மனுஷன் உடனே இரண்டு தட்டு குல்பியை வெளியே எடுத்து, வந்த குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, உன் டப்பாவை அடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போன நேரம், கடையில் அவர் மச்சான் காசிம். காசிமிடம் விஷயத்தைச் சொல்ல நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரர் குல்பி கேட்க, காசிம் டப்பாவைத் தூக்கி வெளியே வைத்துத் திறந்தும் பார்க்க, நீ ஒட்டியிருந்த லத்தீன் பேரை அவர் படித்து மூலிகையா என்று சந்தோஷப்பட, இவன் பதினேழாம் நம்பர் பொட்டலத்தை சாம்பிள் என்று சும்மாவே கொடுத்துட்டான்மா. ரஹமத் பாய் வந்து பார்த்துட்டு மீதியைப் பத்திரமா மூடி வெச்சு, கடையையும் மூடிட்டு, என்னைக் கூட்டிக்கிட்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறினார். ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் சாயந்திரம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் விதைகளை டம்ளரில் ஊறப்போட்டிருந்தார், காலையில் குடிக்க. சர்வே ஆபீசில் முப்பது வருஷம் எழுதின இங்கிலீஷ்தான் எனக்கு வாயில் வந்தது: "ப்ளீஸ் ரிட்டர்ன் தி சேம் அட் தி ஏர்லியஸ்ட்." அவர் பயந்துபோய் டம்ளரோடு கொடுத்து, என்னைக் கும்பிட்டார்.

ஊறின விதை உறையவைக்க ஆகாது என்று எனக்கே தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அத்தை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாஞ்சாலையம்மா மலைமண் கொண்டுவந்து டம்ளரில் இருந்த பதினான்கு விதையையும் பூந்தொட்டியில் ஊன்றினார், ஐந்து முளைத்திருக்கின்றன. மீதி இருபத்து மூன்று பொட்டலமும் ஒட்டினது ஒட்டினபடி, கரண்ட் வந்ததும் திரும்பக் கொண்டுவந்து, இப்போது எங்கள் ஃப்ரீசரில் இருக்கின்றன. ஆனால் எனக்கு வயசு அறுபத்திரண்டு, பி.பி. ஜாஸ்தி. விசிறி நின்றால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. இந்த உத்தியோகத்திலிருந்து இன்றோடு ராஜினாமா செய்கிறேன். வரும் திங்கட்கிழமைக்குள் குடுவையோடு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போ. இனி என் வீட்டு ஃப்ரிட்ஜில் தக்காளி மட்டும்தான் இருக்கும்.

உன் அம்மாவுக்கு எங்கள் விசாரிப்பு. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. அருணாசலேஸ்வரர் துணை.

இப்படிக்கு,
மாமா அப்பாசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பாஞ்சாலையம்மா வந்தார். கிழக்குச் சரிவில், தீ எட்டாத பாறைப் பொந்து ஒன்றில் கொடி உயிரோடு இருக்கிறதாம். பாதிக் காயைச் செடியிலேயே விட்டுவிட்டு, பதினோரு காய் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். எங்கே வைப்பது என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் உன் அத்தை செயினைக் கழற்றி, கீழ்த்தட்டில் கிடந்த தக்காளியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். ராஜினாமா பத்தியை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். காயை எத்தனை நாள் காயவைக்க வேண்டும் என்று உடனே எழுது. திங்கட்கிழமை வராவிட்டாலும் பரவாயில்லை. வரும்போது டப்பா கொஞ்சம் பெரியதாகக் கொண்டு வா.