தங்கமீன் வந்த குளம்

"அக்கா, குளத்துல தங்கமீன் எப்படி வந்துச்சு?"

கைபேசியில் வந்த இந்தக் கேள்வியை, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி அவள் ஏழு முறை படித்தாள். எதிரே கண்ணாடித் தொட்டியில் அந்தத் தங்கமீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். செத்துப்போன ஏரிகளுக்கு உயிர் கொடுக்கும் பெண் பொறியாளரின் கதை 'ஏரிக்காரி'. அந்தத் தொடரை நிறுத்தப்போவதாகச் சேனல் அறிவித்துவிட்டது. இணையத்தில் அதன் ரசிகர் குழுவுக்கு இவள்தான் தலைவி. மூவாயிரம் பேர் அழுத அழுகை தாங்காமல், "அழுது என்ன பயன்? ஆளுக்கொரு குளத்தைச் சுத்தம் செய்து படம் போடுவோம். சேனல் கண் திறக்கும்" என்று எழுதிவிட்டாள்.

"முதல் படம் தலைவியோடதுதான்!" என்றார்கள்.

அவள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. ஆனால் தண்ணீர் தெரியாது, குப்பைதான் தெரியும். அதனால் மருத்துவமனைத் தொட்டியை மிக நெருக்கத்தில் படமெடுத்து, உறை போட்ட தன் கையையும் ஓரத்தில் காட்டிப் போட்டாள். அந்த உற்சாகத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் "எங்க குளமும் சுத்தம்" என்று படங்களைப் போட்டார்கள்.

"யாரோ வீட்டு மீனைக் கொண்டுவந்து விட்டிருப்பாங்க" என்று, கேள்வி கேட்ட அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்குப் பதில் அனுப்பினாள்.

"அப்ப முழுக் குளத்தையும் படமெடுத்துப் போடுங்கக்கா."

"கேமரா ரிப்பேர்."

"பரவாயில்லக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்களே நேர்ல வர்றோம்."

"ரோடு ரொம்ப மோசம்."

"வேன் பேசியாச்சுக்கா. படம் போட்ட ஒன்பது பேரும் வர்றோம்!"

அன்று மாலை நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனாருக்குக் குழாய் பழுதுபார்க்கும் வேலை.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் அண்ணி. குப்பைக் குட்டைக்குத் தங்கமீனா?"

"கிண்டல் பண்ணாதே. நான் ஏமாத்தினது தெரிஞ்சா அந்த ஒன்பது பேரும் வெறுத்துப் போயிடுவாங்க. என் மூஞ்சி போனா போகட்டும், என்னை நம்பி இறங்கின குளமெல்லாம் என்னாகும்?"

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. பொய்யை நிஜமாக்கிடுவோம். லீவு போடுங்க."

பல்வலி என்று அங்கே சொல்ல முடியாது. வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்தாள்.

முதல் இரண்டு நாளும் நீளக் கொக்கியால் குப்பையை இழுத்துக் கரையில் போட்டார்கள். கரை கொள்ளாமல் குப்பை, கார் நிறுத்துமிடம்வரை பரவியது. செவ்வாய்க்கிழமை காரை எடுக்க முடியாத குடியிருப்புச் சங்கச் செயலாளர் கத்திக்கொண்டே வந்தார்.

"யாரைக் கேட்டு இதையெல்லாம் வெளியே எடுத்தீங்க?"

"உள்ளே போட்டவங்க யாரைக் கேட்டாங்களோ, அவங்களைக் கேட்டுத்தான் சார்" என்றாள் நாத்தனார்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குவியலின் உச்சியில் கிடந்த நீலப்பூ மெத்தை அவர் கண்ணில் பட்டது. போன வருஷம்வரை அவர் வீட்டு மாடியில் காய்ந்த மெத்தை அது. பிறகு குரலைத் தாழ்த்தி, "லாரிக்கு நான் சொல்லிடறேம்மா" என்றார்.

புதன்கிழமை நாத்தனார் மோட்டார் வைத்து அழுக்குத் தண்ணீரை இறைத்தாள். அழுக்கு போயிற்று. கூடவே குளமும் போயிற்று. கறுப்புச் சேறுதான் மிச்சம். வீட்டுக்கு வீடு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

"குளத்தைப் பாக்க வர்றவங்களுக்குக் குழியைக் காட்டப்போறேன்!"

"மூக்கை மூடுங்க அண்ணி. அப்படியே வாயையும் மூடிக்கிட்டுச் சேத்தை அள்ளுங்க."

அள்ளினார்கள். வியாழக்கிழமை செயலாளரும் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். வெள்ளிக்கிழமை மாலை, சேற்றுக்கு அடியில் ஒரு மூலையில், நூல் கனத்தில் தண்ணீர் கசிந்தது.

"ஊத்துக்கண்!" என்று நாத்தனார் போட்ட கூச்சலில் சாத்திய ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

சனிக்கிழமை அதைத் தோண்டிவிட, ஊற்று பெருகியது. ஞாயிறு காலை முழங்கால் அளவு தெளிந்த நீர் நின்றது. ஒரு தட்டான்கூட வந்து சுற்றியது. தங்கமீன்தான் இல்லை.

வேன் வந்தது. ஒன்பது பேரும் இறங்கிக் கரையோரம் நின்றார்கள். அவர்களில் ஓர் ஆசிரியை குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். கரையெங்கும் பதிந்திருந்த புதுச் சேற்றுக் காலடிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவளால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க. அது எங்க ஆஸ்பத்திரித் தொட்டி மீன். நான் படம் போட்டப்ப இந்தக் குளம் வெறும் குப்பை. இந்த ஒரு வாரத்துலதான் சுத்தம் பண்ணினோம்."

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேன் ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஒரே வாரத்துல முடியும்னு சொல்றாங்கல்ல, எப்படின்னு சட்டுனு கேட்டு எழுதிக்கங்கம்மா! சேனல்காரங்க உங்க ஒன்பது குளத்தையும் பாக்க அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாங்க, இன்னும் ஒருத்தரும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வழியெல்லாம் புலம்பினீங்களே!"