ஆங்கில நாவலும் ஒரு வார லீவும்

புத்தகம் படித்துக் கெட்டுப்போனவர்கள் உலகில் அதிகம். புத்தகம் படித்துத் தாயை இழந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. இலங்கையில், மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் ஆங்கிலம் மட்டும் நிரந்தரமாகிவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம். அந்த வருஷம் மாதத்துக்கு ஓர் ஆங்கில நாவல் படித்து முடிப்பதென்று எனக்கு நானே சபதம் போட்டுக்கொண்டேன். (எனக்கு நானே என்றால், மாத்தளை டவுனில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.)

முதல் சில மாதங்கள் சமாளித்தேன். அடுத்து மாட்டியது தலையணைப் பருமனில் ஒன்று. சீமையில் ஓர் ஏழைப் பையன் வளர்ந்து ஆளாகும் கதை. தாய் துணி வெளுத்து அவனைப் படிக்க வைக்கிறாள். பட்டணத்தில் தன்னைத் தேடி வந்தவளைச் சிநேகிதர்களிடம் 'எங்கள் வீட்டு வேலைக்காரி' என்கிறான் மகன். அவள் திரும்பிப் போய்ச் செத்துப்போகிறாள்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டதால் ஆபீஸ் நேரத்திலேயே, மேசை இழுப்பறையை அரைவாசி திறந்து வைத்துப் படித்தேன். (கதைப் புத்தகத்தோடு பிடிபட்டால் அன்றே சீட்டுக் கிழியும். எந்த விதியையும் நான் தெரியாமல் மீறியதில்லை.) அந்த இடம் வந்ததும் தேம்பித் தேம்பி அழுதேன்.

வாசலில் பெரிய கங்காணி. "என்னாங்க ஐயா?"

"தாய் செத்துருச்சு கங்காணி. ஒண்ணுமே பேசாம செத்துருச்சு," என்றேன், கதையை விட்டு வெளியே வராமல்.

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். அது முடிவதற்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, ஆபீஸ் வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். என் அம்மாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் அவள் நிறத்தையும் நடையையும் சொல்லிச் சொல்லி அழுததில் எனக்கே மறுபடி அழுகை வந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல எழுந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே நின்றார். இழுப்பறையை மூடினேன்.

"அம்மா அப்பா செத்தா மட்டும் ஒரு வாரம் லீவ்," என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். "போ. எல்லாம் ஒழுங்கா செய்."

அந்த நேரம் பார்த்து, பலாபத்வலையில் பஸ்ஸை விட்டிறங்கி, மலையேறி, சோற்றுத் தூக்கோடு அம்மா வந்து சேர்ந்தாள். கூட்டத்தைக் கண்டதும் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒருத்தியின் தோளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். (முதலில் அழுவது, பிறகு விசாரிப்பது. அதுதான் முறை.)

"யாரு ஆத்தா செத்தது?"

"நம்ம சின்னக் கிளாக்கர் ஐயாவோட அம்மா."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துரை அம்மாவைப் பார்த்தார். "இது யார்?"

நாவல் பையனை அன்று காலை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த வாய் சொன்னது: "பெரியம்மா, தொர." (இத்தனை நாவல் படித்த ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கே போனதோ.)

அம்மா மூக்கைச் சிந்தினாள். "ஆமாங்க தொர. பெத்தவ போயிட்டா. இனி இந்தத் தறுதலைக்கு நாந்தான் கதி."

லீவோடு மலையிறங்கி இருவரும் பஸ் ஏறினோம். இறங்கியதும் அம்மா சொன்னாள்: "தாய் செத்தவன் தலையில முடியோட திரும்பிப் போனா தொர நம்புவாராடா? நட கோயிலுக்கு."

மாரியம்மன் கோயிலில் எனக்கு மொட்டை விழுந்தது. என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டவர்களிடம், "பிள்ளைக்குப் புத்தி வரணும்னு," என்றாள். பொய்யில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பெயர் பெரியம்மா. என் மனைவியும் பிள்ளைகளும்கூட அப்படித்தான் அழைத்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டு நான் பதறினால், "பயப்படாதடா," என்பாள். "அம்மா சாவுக்கு லீவு எடுத்து முடிச்சிட்ட. பெரியம்மாவுக்கு லீவு கெடையாதுன்னு நீதானே சொன்ன. நீ ரிட்டயர் ஆகாம நான் எப்புடிச் சாகுறது?"

விதி அப்படித்தான் இருந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறு வருஷம், அவசரமில்லாமல் போய்ச் சேர்ந்தாள்.